தைராய்டு மாத்திரையும் உடம்பு எடையும்

இரவு முழுவதும் தூங்கி எழுந்தாலும் சிலருக்குக் களைப்பு தீருவதில்லை. கை கால் கனக்கிறது. முகம் உப்பி இருக்கிறது. தோல் வறண்டு போகிறது. முடி கொட்டுகிறது. மலச்சிக்கல் இருக்கிறது. மற்றவர்களுக்குக் குளிராத நேரத்திலும் இவர்களுக்குக் குளிர்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறி வருகிறது. சாப்பாடு கூடவில்லை, ஆனாலும் எடை கூடுகிறது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "சோம்பேறித்தனம்" என்கிறார்கள். "வயசாகுது" என்கிறார்கள். ஆனால் இது சோம்பலாக இல்லாமல் தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

தைராய்டு என்பது என்ன?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போன்ற வடிவம். எடை சுமார் 20 கிராம். இதுதான் தைராய்டு சுரப்பி. நாம் சாப்பிடும் உப்பில் உள்ள அயோடினை எடுத்து, தைராக்ஸின் என்ற ஒரு பொருளை இது செய்கிறது. அந்தப் பொருள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது.

அடுப்பில் தீ எரிகிறது. தீயைக் குறைத்தால் சோறு வேக நேரமாகும். அதுபோல, தைராக்ஸின் குறைந்தால் உடம்பின் எல்லா வேலையும் மெதுவாகிவிடும். இதயம் மெதுவாகத் துடிக்கும். குடல் மெதுவாக வேலை செய்யும். மனமும் சோர்ந்துபோகும்.

இது ஏன் குறைகிறது? முன்பு நம் நாட்டில் பல இடங்களில் அயோடின் குறைவுதான் பெரிய காரணம். இமயமலை அடிவாரத்தில் முன்கழுத்துக் கழலை நிறையப் பேருக்கு இருந்தது. அதனால் 1962ஆம் ஆண்டு கழலைத் தடுப்புத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அயோடின் கலந்த உப்பு வந்தது. இன்று நகரங்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறு. உடம்பைக் காக்கும் காவல் படை, நோய்க்கிருமியைத் தாக்குவதற்குப் பதிலாகத் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. இதை 1912ஆம் ஆண்டு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான் நாட்டு மருத்துவர் எழுதி வைத்தார். அதனால் இந்த நோய்க்கு அவர் பெயரே வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

ஆட்டிலிருந்து மாத்திரை வரை

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்து இல்லை. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் இருந்தார். தைராய்டு குறைவால் மிகவும் நலிந்துபோன 46 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, மர்ரே அவருக்கு ஊசியாகப் போட்டார். பிறகு குடிக்கும் மருந்தாகக் கொடுத்தார். அந்தப் பெண் தேறினார். 28 ஆண்டுகள் மருந்தை விடாமல் சாப்பிட்டார். 1919ஆம் ஆண்டு, 74 வயதில்தான் இறந்தார். அவர் ஒருவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது!

1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெண்டால் என்பவர் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். இன்று நாம் சாப்பிடும் சின்ன வெள்ளை மாத்திரை அப்படித்தான் வந்தது. ஒரு மாத்திரையின் விலை, ஓட்டலில் ஒரு காபியின் விலையைவிடக் குறைவு.

இந்த மாத்திரை உடம்புக்குப் புதிய பொருள் அல்ல. சுரப்பி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அந்தக் குறையை மாத்திரை நிரப்புகிறது. அவ்வளவுதான்.

"எடை ஏன் குறையவில்லை?"

மைசூரில் ஊதுபத்தி உருட்டும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே வேலை. தைராய்டு குறைவு என்று தெரிந்து 3 மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். 68 கிலோ இருந்தவர் இப்போது 66 கிலோ. அவருக்கு ஏமாற்றம். செவிலியரிடம் கேட்கிறார்.

"சிஸ்டர், மாத்திரை சாப்பிட்டா இளைச்சிடுவேன்னு சொன்னாங்க. ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு. விட்டுடலாமா?"

"விட்டுடாதீங்கம்மா. இது இளைக்கிற மாத்திரை இல்ல. உங்க கழுத்துல இருக்கிற சுரப்பிக்குப் பதிலா வேலை செய்யுற மாத்திரை."

"பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு ரெண்டா போட்டுக்கச் சொல்றாங்க."

"அது இன்னும் ஆபத்தும்மா."

செவிலியர் சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

தைராய்டு குறைவினால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும் பங்கு கொழுப்பு அல்ல. உடம்பில் தேங்கும் உப்பும் நீரும்தான். மாத்திரை சாப்பிட்டதும் அந்த நீர் வெளியேறுகிறது. முக வீக்கம் வடிகிறது. எடை கொஞ்சம் குறைகிறது. அதற்கு மேல் உள்ள எடை வேறு காரணங்களால் வந்தது. அது சாப்பாட்டாலும் நடையாலும்தான் குறையும். மாத்திரையால் குறையாது.

அப்படியானால் மாத்திரையினால் என்ன பயன்? தைராய்டு அளவு சரியாகாமல் நடக்கத் தெம்பு வராது. அளவு சரியான பிறகு, மற்றவர்களைப் போல நீங்களும் முயன்றால் எடை குறையும்.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும்?

பலர் ஏமாறுவது இங்கேதான். மாத்திரையை நிறுத்துகிறார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரிவதில்லை. "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்கிறார்கள். உண்மை என்ன? இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். பாதி அளவு குறையவே சுமார் 7 நாள் ஆகும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரும். தொட்டி காலியான பிறகு நின்றுவிடும். அதுபோல, சில வாரங்கள் கழித்துத்தான் அசதியும் வீக்கமும் திரும்பி வரும்.

பல மாதம், பல ஆண்டு விட்டுவிட்டால் கெட்ட கொழுப்பு கூடும். இதயம் பாதிக்கும். வயதானவர்கள் நினைவு தப்பி விழும் நிலைகூட வரலாம். உடம்பு சில்லிட்டு, மூச்சு மெதுவாகி, கூப்பிட்டாலும் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

இளைக்க வேண்டும் என்று 2 மாத்திரை சாப்பிடுவது தவறு. நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். நாளடைவில் எலும்பு தேயும். இதய நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. இளைக்கும் எடையில் சதையும் சேர்ந்து போகும். தைராய்டு நோய் இல்லாதவர்கள் இளைப்பதற்காக இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

மாத்திரை சாப்பிடும் முறை

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி முதல் 1 மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது.

மைசூரில் இதுதான் கஷ்டம். எழுந்ததும் காபி வேண்டும்! ஆனால் மாத்திரையோடு காபி குடித்தால் மருந்து முழுவதும் உடம்பில் சேராது. பாலும் அப்படித்தான். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதனால் ராகிக் கஞ்சியும் மாத்திரையோடு சேரக் கூடாது. ராகி கெட்டது என்று பொருள் இல்லை. நேரம்தான் முக்கியம். மாத்திரை விழுங்கிவிட்டு வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, குளித்து முடித்தால் 1 மணி நேரம் போய்விடும். பிறகு காபி குடிக்கலாம்.

இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகள், இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

காலை 6 மணி: தைராய்டு மாத்திரை
மதியம் சாப்பிட்ட பின்: சுண்ணாம்புச் சத்து மாத்திரை
இரவு: இரும்புச் சத்து மாத்திரை

காலை மாத்திரை ஒத்துவராதவர்கள், விரதமோ நோன்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துச் சாப்பிடும் முறையும் உண்டு. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் நல்லது.

மாத்திரையை வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியில் வைக்காதீர்கள்.

எண்ணைப் படியுங்கள்

நீங்கள் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அதன் பயன் இங்கே தெரியும். மாத்திரை அட்டையில் ஓர் எண் இருக்கும். 25, 50, 75, 100, 125 என்று பல அளவு உண்டு. இது மைக்ரோகிராம் கணக்கு. 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவு. அதனால் சின்ன மாற்றமும் உடம்பில் தெரியும்.

மருத்துவர் 50 எழுதியிருந்தால் அட்டையிலும் 50 இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போதே பாருங்கள். எண் மாறியிருந்தால், "மருத்துவர் அளவை மாற்றினாரா?" என்று கேளுங்கள். கம்பெனிப் பெயர் மாறியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலாவதித் தேதியையும் படியுங்கள்.

இனி பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். அதில் டி, எஸ், எச் என்ற 3 ஆங்கில எழுத்துகள் சேர்ந்து இருக்கும். பக்கத்தில் உங்கள் எண் இருக்கும். அதற்கும் பக்கத்தில் சரியான அளவு எது என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 0.4 முதல் 4 அல்லது 5 வரை இருக்கும்.

ஒரு சந்தேகம் வரும். "எனக்குத் தைராய்டு குறைவு என்கிறார்கள். சீட்டில் 18 என்று அதிகமாக இருக்கிறதே?" காரணம் இதுதான். டி.எஸ்.எச் என்பது தைராய்டு அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டை "வேலை செய், வேலை செய்" என்று அது கூப்பிடும். அந்தக் கூப்பாடுதான் டி.எஸ்.எச். தைராய்டு வேலை செய்யாவிட்டால் கூப்பாடு பெரிதாகும். எண் கூடும். மாத்திரை அளவு சரியானால் கூப்பாடு அடங்கும். எண் குறையும். எண் மிகவும் குறைந்தால் மாத்திரை அதிகம் என்று பொருள்.

மாத்திரை தொடங்கிய பிறகும், அளவை மாற்றிய பிறகும் 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தால் சரியாகத் தெரியாது. அளவு நிலையானதும் 6 மாதத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை போதும். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பையில் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். மைசூரில் கிருஷ்ணராஜேந்திரா ஆஸ்பத்திரி, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரி ஆகியவை அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. எங்கே போனாலும் அந்தப் பையைக் கையில் எடுத்துப் போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு

முதல் சில மாதங்கள் வயிற்றில் உள்ள குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் ரத்தத்திலிருந்துதான் தைராக்ஸின் போக வேண்டும். குழந்தையின் மூளை வளர அது வேண்டும். "கர்ப்பமாக இருக்கும்போது மாத்திரை எதற்கு" என்று நிறுத்துவது பெரிய தவறு. நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். நாள் தள்ளிப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் சாப்பிட வேண்டும். ஆனால் 4 மணி நேர இடைவெளி விட்டு.

சாப்பாடு

தைராய்டுக்கு என்று தனிச் சமையல் தேவையில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி கூடாது என்பார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் தவறில்லை. அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஆனால் அயோடின் நல்லது என்று உப்பைக் கூட்ட வேண்டாம்.

எடை குறைய என்ன செய்யலாம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

1 காபிக்கு 2 கரண்டிச் சர்க்கரை = 10 கிராம்
ஒரு நாளைக்கு 4 காபி = 40 கிராம்
30 நாளைக்கு = 1200 கிராம்

அதாவது 1 கிலோ 200 கிராம் சர்க்கரை! காபியில் மட்டும் இவ்வளவு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம் என்று அதில் சொல்கிறது. 2 கரண்டியை 1 ஆக்குங்கள். 4 காபியை 2 ஆக்குங்கள்.

தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். கால் பங்கு சோறோ ராகிக் களியோ. ராகிக் களி நல்ல சாப்பாடு. ஆனால் உருண்டையின் அளவு முக்கியம். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, வயலில் உழைப்பவர் சாப்பிடும் உருண்டை வேண்டாம். மைசூர்பாகு கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தது. தசராவுக்கு ஒரு துண்டு சாப்பிடலாம். தினமும் வேண்டாம்.

பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தால் அசதி கூடும். மாலையில் பசி தாங்காமல் போண்டா, பஜ்ஜி என்று கை நீளும்.

நடை

மாத்திரை தொடங்கிய முதல் வாரமே ஓட வேண்டாம். தெம்பு மெதுவாகத்தான் வரும். சிலருக்கு 2, 3 வாரத்தில் மாற்றம் தெரியும். முழுத் தெம்பு வர சில மாதங்கள் ஆகலாம். முதலில் 10 நிமிடம் நடக்கலாம். அடுத்த வாரம் 15 நிமிடம். பிறகு 30 நிமிடம். வாரத்தில் 5 நாள் நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இதுதான்.

குக்கரஹள்ளி ஏரிக் கரையில் காலையில் பலர் நடக்கிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் தெருவிலேயே நடக்கலாம். தேவராஜ மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போகிறவர்கள் கொஞ்ச தூரம் முன்னாலேயே இறங்கி நடக்கலாம். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி இருக்கிறது. உடம்பு தேறி, இதயமும் முழங்காலும் நன்றாக இருந்தால் ஏறலாம். அவசரம் வேண்டாம்.

உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காரலாம். தொடைக்கு வலு வரும். சதை வலுவானால் உடம்பு கூடுதலாகச் சக்தியைச் செலவழிக்கும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரம் ஒரு முறை, அதே தராசில், காலையில் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது.

மாத்திரை சரி, ஆனாலும் அசதி

சிலருக்கு டி.எஸ்.எச் எண் சரியாக இருக்கும். ஆனாலும் களைப்பு போகாது. அப்போது மாத்திரையைத் தானே கூட்டக் கூடாது. வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். பி12 சத்து குறைந்திருக்கலாம். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு தடைப்படலாம். மனச்சோர்வு இருக்கலாம். எல்லாருக்கும் கடைசியில் சாப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்கும் பெண்ணுக்கு ஓய்வே இல்லாமலும் இருக்கலாம். அதற்கு மாத்திரை இல்லை. வீட்டில் உள்ளவர்கள் வேலையைப் பங்கு போட வேண்டும். "சோம்பேறி" என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. தினமும் வெறும் வயிற்றில், தண்ணீரில் மாத்திரை. அரை மணி முதல் 1 மணி நேரம் கழித்துக் காபி.
2. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.
3. அட்டையில் உள்ள எண்ணைப் படித்து வாங்குங்கள்.
4. தானாக நிறுத்தாதீர்கள். தானாகக் கூட்டாதீர்கள்.
5. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.
6. எடை குறைவது சாப்பாட்டாலும் நடையாலும். அதற்குத் தெம்பு தருவது மாத்திரை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள்? ஒருவருக்கு எவ்வளவு வருகிறது?
2. உங்கள் தெருவில் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் யார்? அவர்கள் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள்?
3. வீட்டில் உள்ள ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் உள்ள அளவையும் காலாவதித் தேதியையும் படித்து நோட்டில் எழுதுங்கள்.